வாசிக்க வந்தவருக்குப் பொன்னாடை

இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரு மனிதருக்குப் பொன்னாடை போர்த்தினோம். மறுநாள் திங்கட்கிழமையிலிருந்து அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று எனக்கு விளங்க ஆறு நாள் எடுத்தது. நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை என்பது, இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிற உங்களுக்குப் புதுச் செய்தி அல்ல.

மனிதரின் பெயர் கோஜோ. லண்டன் நோர்பரியில் எனக்குப் பக்கத்து வீடு. எழுபத்தைந்து வயது. ஜாஸ் கலைஞர், சாக்ஸபோன் வாசிப்பவர். ஒரு காலத்தில் லண்டன் கிளப்புகளில் எல்லாம் வாசித்திருக்கிறார். இப்போது மனைவி இல்லை, கூட வாசித்த கூட்டாளிகளும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அவரும் சாக்ஸபோனும் மட்டும் மிச்சம்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். நல்ல மொத்தமான செங்கல் சுவர் என்றுதான் வீடு விற்றவன் சொன்னான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து 'நூறு வயசு' என்று வாழ்த்தலாம். சுவரின் இந்தப் பக்கம் என் குசினி. அந்தப் பக்கம் அவர் வாசிக்கும் அறை. தினமும் பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குவார், ஐந்துக்கு நிறுத்துவார்.

முன்பெல்லாம் எனக்கு அது பெரிய கரைச்சல். ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரில் வாரம் முழுக்க சனத்தின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, லீவு நாளில் கொஞ்சம் சரிந்து படுத்தால்... சுவர் பாடத் தொடங்கிவிடும். பொறுக்காமல் கவுன்சிலுக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். போஸ்ட் பண்ணச் சொல்லி மனைவி ரெஜினாவிடம் கொடுத்தேன். பதிலே வரவில்லை. கவுன்சிலை நான் திட்டாத இடமில்லை.

ரெஜினா இறந்த பிறகு அவளுடைய அலுமாரியைத் துப்புரவாக்கினேன். சேலைகளுக்குக் கீழே அந்தக் கடிதம் இருந்தது. முத்திரை ஒட்டியபடியே.

அவள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. மகள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவாள். பேரப்பிள்ளை போனைப் பறித்துக்கொண்டு ஓடும். எனக்கு அவர்கள் வீட்டுக் கூரை தெரியும். மற்ற ஆறு நாளும் என்ன செய்வது? பஸ் ஏறி தோர்ண்டன் ஹீத் போவேன். தமிழ்க் கடையில் ஒரு கத்தரிக்காய் எடுப்பேன். "என்ன அண்ணை, ஒண்டுதானோ?" என்று கேட்பார் கடைக்காரர். "ஓம் தம்பி, ஒண்டு காணும்." இதுதான் சில நாட்களில் நான் பேசுகிற முழுப் பேச்சு.

ஆகவே, எந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி எழுதினேனோ, அதற்காகவே இப்போது காத்திருக்கிறேன். மூன்றே முக்காலுக்குக் கேத்திலைப் போடுவேன். நாலுக்குச் சுவர் பாடும். தேத்தண்ணியோடு குசினிக் கதிரையில் இருந்து கேட்பேன். ஜாஸ் எனக்கு விளங்காது. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றுகூடத் தெரியாது. ஆனால் ஒரு மணி நேரம் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். அது போதும்.

சரி, பொன்னாடைக்கு வருவோம்.

எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கம் பற்றி உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் மரம் இருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு பாடசாலைக்கும் லண்டனில் ஒரு சங்கம் இருக்கும். வருஷத்துக்கு ஒரு கலைவிழா. கலைவிழா என்றால் சீஃப் கெஸ்ட் வேண்டும். தலைவர் சிவானந்தன் அண்ணை போன் எடுத்தார்.

"இந்த முறை ஆரைக் கூப்பிடுவம்? டொக்டர்மார் எல்லாரும் முடிஞ்சுது. கவுன்சிலர் போன முறை வந்து நித்திரை கொண்டவர்."

"என்ர பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவமோ அண்ணை? பெரிய ஜாஸ் கலைஞர். ஆபிரிக்காவில கானா நாட்டுப் பரம்பரை."

அண்ணை ஒரு சொல்லைச் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன். கறுப்பு மனிதர்களைக் குறிக்க எங்கள் வீடுகளில் புழங்குகிற சொல், உங்களுக்கும் தெரியும். குரோய்டனில் அந்தப் பெரிய கட்டடத்துக்கு முன்னால், விசாவுக்காக அவர்களோடு ஒரே கியூவில் விறைத்துக்கொண்டு நின்றவர்கள்தான் நாங்கள். ஸ்டாம்ப் குத்திய மறுநாளே கியூ மறந்துவிடும்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை," என்றேன்.

"சரி சரி. ஆள் கோட் சூட் போட்டு வருவாரோ?"

"வருவார்."

அவ்வளவுதான். கமிட்டி ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.

நானே போய்க் கதவைத் தட்டி அழைத்தேன். கோஜோவின் முகம் மலர்ந்ததைச் சொல்ல வேண்டும். எத்தனை வருஷமாக யாரும் அப்படிக் கதவைத் தட்டவில்லையோ... உங்கள் ஆட்கள் எத்தனை பேர் வருவார்கள், ஹோல் பெரியதா, கூரை உயரமா என்றெல்லாம் கேட்டார். கூரையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று நான் யோசிக்கவில்லை. "வாத்தியத்தையும் கொண்டு வருகிறேன்," என்றார். நல்லது, தனி வீட்டில் விட்டுவிட்டு வரப் பயமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கள்ளர் உலாவுகிற ஏரியாதானே.

கார்டில் மூன்று மணி என்று போட்டிருந்தோம். மூன்று என்றால் நாலு என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கோஜோவுக்கு யார் சொல்வது? இரண்டரைக்கே வந்துவிட்டார். ஹோலில் அவரும், நானும், தரை துடைக்கிற கேர்டேக்கரும்தான். கடும் நீலச் சூட், மினுக்கிய சப்பாத்து, கையில் பெட்டி.

பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கினேன். சீஃப் கெஸ்ட் ஒருவர் தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நிற்பதா? பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள்? ரோல்ஸும் வடையும் அடுக்கியிருந்த பின் அறையில் வைத்துப் பூட்டினேன். திறப்பை என் பொக்கெட்டில் போட்டு, தட்டியும் காட்டினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒன்றுக்கும் யோசிக்காதீர்கள்," என்று அழைத்துப்போய் முன் வரிசையில், அவருக்கென்றே போட்ட சோபாவில் இருத்தினேன்.

பிறகு தொடங்கியது எங்கள் மரியாதை.

மங்கல விளக்கு. வரவேற்புரை. தலைவர் உரை. காப்பாளர் உரை. தலைவர் உரையில் விடுபட்டதைப் பற்றி உபதலைவர் உரை. அறிவிப்பாளர் கோஜோவை 'அமெரிக்காவின் ஜாஸ் வேந்தர்' என்று அறிமுகப்படுத்தினார். மனிதர் லண்டனில் பிறந்தவர், அமெரிக்காவுக்கு ஒரு தடவை போயிருக்கிறார், அதுவும் மழை என்று ஹோட்டலுக்குள் இருந்துவிட்டு வந்தாராம். சபை கைதட்டியது. நடனம், வீணை, மறுபடி நடனம்.

ஐந்து மணிபோல என் பக்கம் சரிந்து, "என்னுடையது எப்போது?" என்று கேட்டார். பொன்னாடையைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "கொஞ்சம் பொறுங்கள்," என்றேன். ஆறு மணிக்கு மறுபடி சரிந்தார். "என் வாத்தியம் எங்கே?" நான் பெருமையாகப் பொக்கெட்டைத் தட்டினேன். "பத்திரமாகப் பூட்டியிருக்கிறது."

அவர் என்னைப் பார்த்த பார்வையை அப்போதே கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. மேடையில் என் மருமகள் முறையான ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். படம் எடுக்காவிட்டால் குடும்பத்தில் சண்டை வரும்.

ஆறரைக்குப் பொன்னாடை. நினைவுச் சின்னமாக ஒரு குத்துவிளக்கு. மைக்கைக் கொடுக்கும்போது சிவானந்தன் அண்ணை காதுக்குள் 'டூ மினிட்ஸ்' என்றார். ஏழு மணிக்கு ஹோலைக் கையளிக்க வேண்டும். ஒரு கையில் விளக்கு, ஒரு கையில் மைக், தோளில் சரிகைச் சால்வை. கோஜோ மைக்கை வாய்க்கு உயர்த்தினார்.

"உங்களுக்காக ஒன்று தயார்பண்ணிக்கொண்டு வந்தேன்," என்றார் இங்கிலீஷில். "அது பூட்டிய அறைக்குள் இருக்கிறது."

சபை பகிடி என்று நினைத்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்... அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நானும்தான் சிரித்தேன்.

அவர் நன்றி சொல்லி இறங்கினார். பிறகு நன்றியுரை, அது இருபது நிமிஷம். கேர்டேக்கர் லைட்டை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். கோஜோவிடம் பெட்டியையும் ஒரு பார்சல் ரோல்ஸையும் கொடுத்து, காரில் ஏற்றி வந்தேன். இறங்கும்போது, "மிகவும் மரியாதையாக நடத்தினீர்கள்," என்றார்.

திங்கள் நாலு மணி. சுவர் பேசவில்லை. களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன். செவ்வாயும் இல்லை. புதன்கிழமை காதைச் சுவரில் வைத்துப் பார்த்தேன். உள்ளே ஆள் நடக்கிற சத்தம் கேட்டது. கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. வாசிப்பு மட்டும் இல்லை. வியாழன் தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டுக் குடிக்க மறந்துபோனேன். வெள்ளி, ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். நிறுத்திவிட்டேன். உண்மையைச் சொன்னால், ரெஜினா போன முதல் கிழமை இருந்த மாதிரி இருந்தது வீடு.

சனிக்கிழமை மத்தியானம் தாண்டி, நாலு வடையை ஒரு பெட்டியில் போட்டுக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன்.

குசினி மேசையில் சாக்ஸபோன் பெட்டி திறக்காமல் கிடந்தது. பொன்னாடை கதிரை முதுகில் அழகாக மடித்துப் போட்டிருந்தது. குத்துவிளக்கைப் பூச்சாடியாக்கும் என்று நினைத்து ஜன்னலில் வைத்திருந்தார்.

"சுகமில்லையா?" என்று கேட்டேன்.

"சுகம்தான்."

"அப்போ ஏன் வாசிக்கவில்லை?"

அவர் வடையைப் பிய்த்தார். பிறகு சொன்னார். (பேசியது இங்கிலீஷில். தமிழில் எழுதுவது நான். நோர்பரித் தமிழர் போல அவர் தெரிந்தால் குற்றம் என்னுடையது.)

"நாற்பது நாளாக அந்த ஒன்றைத்தான் தயார்பண்ணினேன். என்னை ஒரு மேடைக்குக் கூப்பிட்டுப் பல வருஷம். நீங்கள் பெட்டியை வாங்கிப் பூட்டியபோது, சரி, இவர்களுடைய முறை இப்படியாக்கும், நேரம் வரும்போது தருவார்கள் என்று இருந்தேன். பிறகுதான் விளங்கியது... உங்களுக்கு நான் வாசிப்பது தேவைப்படவில்லை. நான் வந்து இருப்பதுதான் தேவைப்பட்டது."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. எப்படி விளக்குவது? எங்களிடையே பெரிய மனிதரை வேலை வாங்குவது மரியாதைக் குறைவு. முன்வரிசையில் இருத்திச் சும்மா வைத்திருப்பதுதான் உச்ச மரியாதை. கலைஞர் வாசிக்க ஆசைப்படுவார் என்பது கமிட்டியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பக்கத்து வீட்டில் இருந்து தினமும் கேட்கிற எனக்குமா தோன்றவில்லை? மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டினார். பெட்டியைத் திறக்கவில்லை.

"என்ன வாசிக்க இருந்தீர்கள்?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

"அதற்கு முதல் என் வாத்தியார்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறதா?"

என்னிடம் அது ஒன்றுதானே இருக்கிறது.

கோஜோவின் தகப்பனார் கானாவின் கரையோரத்தில் ஒரு மீன்பிடி ஊர்க்காரர். கப்பலில் வேலைக்குச் சேர்ந்து லண்டனுக்கு வந்து, ரயில்வே யார்டில் உழைத்தவர். காலையில் முகம் வழிக்கும்போது ஒரு மெட்டை முனகுவாராம். தினமும் அதே மெட்டு. மகன் பிறந்தது திங்கட்கிழமை. திங்களில் பிறந்த ஆண்பிள்ளைக்கு அவர்கள் வைக்கிற பெயர் கோஜோ. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவுக்கு அது வாயில் வரவில்லை. ஜோர்ஜ் ஆகிவிட்டார். சிநேகிதப் பெடியள் வீட்டுக்கு வந்தால், தகப்பனின் முனகல் கேட்காமல் இருக்க ரேடியோவைக் கூட்டி வைப்பாராம்.

"எனக்கு வெட்கம். அப்பா காட்டுக்காரன் மாதிரிப் பாடுகிறார் என்று நினைத்தேன்."

பதினேழு வயதில் சாக்ஸபோன் எடுத்தார். ரெக்கோர்ட் கேட்டுக் கேட்டு, அமெரிக்கக்காரர்களைப் போலவே வாசித்தார். அவர்களைப் போல நடந்தார், கதைத்தார், தொப்பியைச் சரித்துப் போட்டார். அப்போதுதான் தெம்பாவைக் கண்டார்.

தெம்பா தென்னாபிரிக்கர். ஊருக்குத் திரும்பினால் சிறை என்று லண்டனில் தங்கிவிட்டவர். ஆளைவிட உயரமான, நிறுத்தி வைத்து வாசிக்கிற பேஸ் வாத்தியம் வாசிப்பவர். ஒற்றை அறையில் அந்த வாத்தியத்தைப் படுக்க வைத்தால் அவர் படுக்க இடமிருக்காதாம். ஜோர்ஜ் வாசித்ததை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"நன்றாக வாசிக்கிறாய். ஆனால் நீ யாருடைய பிள்ளை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 'ஆற்றை பிள்ளை?' என்ற எங்கள் யாழ்ப்பாணத்துக் கேள்வி. நாங்கள் கேட்பது சாதி பிடிக்க. தெம்பா கேட்டது வேறு.

"உன் அப்பா வீட்டில் என்ன பாடுவார் என்று கேட்டார். சொன்னேன். அதைக் கற்றுக்கொண்டு வா, அதுவரை இந்தப் பக்கம் வராதே என்றார்."

தகப்பன் கூச்சப்பட்டாராம். அது பாட்டில்லையடா, கரையில் நின்று வலை இழுக்கும்போது போடுகிற சத்தம் என்றாராம். மகன் விடவில்லை. கடைசியில் வீட்டு நடைபாதையில் இருவரும் நின்று, இல்லாத கயிற்றைப் பிடித்து இழுத்து இழுத்துக் கற்றுக்கொண்டார்கள். ஒவ்வொரு அடியின் முடிவிலும் எல்லோரும் சேர்ந்து இழுக்க ஓர் இடம் விட்டிருக்கும். அந்த இடத்தில் பாட்டு மூச்சுவிடும்.

"அதைத் தெம்பாவிடம் கொண்டுபோனேன். அவர் அதற்குக் கீழே தன் பேஸைச் சேர்த்து வாசித்தார். அன்றுதான் முதல் தடவையாக என் சொந்தமாக ஒன்றை வாசித்தேன். அன்றிலிருந்து அவர் என்னைக் கோஜோ என்றுதான் கூப்பிட்டார்."

ஒருமுறை கானாவுக்கும் போனாராம். அப்பாவின் ஊர்க் கரையில் நின்ற பிள்ளைகள் அவரை 'வெள்ளைக்காரர், வெள்ளைக்காரர்' என்று கூப்பிட்டுச் சிரித்தார்களாம். கதைத்த இங்கிலீஷ் அப்படி. "ஆனால் கயிற்றைப் பிடித்தபோது, எங்கே இழுக்க வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்தது," என்றார். தெம்பாவுக்கு ஊர் திரும்ப வழி பிறந்தபோது, அவருக்கு எழும்பி நடக்க ஏலாமல் போயிருந்தது. கடைசி மாதங்களில் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தது கோஜோதான்.

"இரண்டு வாத்தியார்," என்றேன். "ஒருவருக்குத் தான் வாத்தியார் என்றே தெரியாது."

"மூன்று பேர். மூன்றாவது ஆளுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தேன்."

அவர் சுவரைப் பார்த்தார். என் வீட்டுச் சுவரை.

"உங்கள் மனைவி," என்றார்.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ரெஜினாவுக்கும் சங்கீதத்துக்கும் என்ன தொடர்பு? மாதா கோயில் பூசையில் கூட்டத்தோடு பாடுவாள், அவ்வளவுதானே.

"பின்னேரம் மூன்று மணிக்குமேல் குசினியில் பாடுவார். சமைத்துக்கொண்டே. சொல் இருக்காது, மெட்டு மட்டும். முதல் நாள் கேட்டபோதே தெரிந்துவிட்டது, இது வலை இழுக்கிற பாட்டு. அதே மாதிரி அடி முடிகிற இடத்தில் இழுக்க ஓர் இடம். இது என் அப்பாவின் பாட்டுக்கு அக்காவோ தங்கையோ என்று நினைத்தேன். அவர் முடிக்கும்வரை காத்திருந்து நாலு மணிக்கு நான் தொடங்குவேன். பல வருஷம் அப்படித்தான். ஒருநாள் குப்பைத்தொட்டி வைக்க வந்தபோது, அது என்ன பாட்டு என்று கேட்டேன். 'என் அப்பாவுடையது' என்றார். பிறகு..."

கையிலிருந்த வடையைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்கள்."

"'என் கணவருக்குப் பிடிக்காது, அவரிடம் சொல்லாதீர்கள்' என்றார். அதனால்தான் நீங்கள் வந்ததும் நிறுத்துவார். உங்கள் திறப்புக் கதவில் விழுகிற சத்தம் எனக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தோடு பாட்டு நிற்கும்."

வாசகர்களே, இதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் மற்ற எல்லாம் பொய்யாகிவிடும்.

ரெஜினா மன்னார், பேசாலைப் பிள்ளை. தகப்பன் கரைவலைக்காரர். நான் யாழ்ப்பாணம், எங்கள் பகுதிச் சனத்துக்கு அந்தக் கலியாணம் இறங்கவே இல்லை. லண்டனுக்கு வந்த முதல் வருஷம், என் சொந்தத்தில் ஒரு மாமி வீட்டில் பிறந்தநாள். குசினியில் கோப்பை கழுவிக்கொண்டே ரெஜினா ஏதோ முனகினாள். "உது என்ன பாட்டு பிள்ளை?" என்று மாமி கேட்டார். "அம்பா, மாமி. அப்பா ஆக்கள் வலை இழுக்கேக்க பாடுறது," என்றாள், சந்தோஷமாக. குசினி நிறையப் பெண்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் சொன்னேன். "இஞ்சரும், சனத்துக்கு முன்னால உதுகளைப் பாடாதையும்."

"ஓம்," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பாடி நான் கேட்டதே இல்லை. மறந்துவிட்டாளாக்கும் என்றுகூட நினைக்கவில்லை, நான்தான் மறந்துவிட்டேன். சனத்துக்கு முன்னால் பாடாதையும் என்றுதானே சொன்னேன்? அந்தச் சனத்தில் என்னையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். சரியாகத்தான் சேர்த்திருக்கிறாள்.

"இப்போது அவர் இல்லை," என்றார் கோஜோ மெதுவாக. "நீங்களும் விளக்குப் போடாமல் இருட்டுக் குசினியில் இருக்கிறீர்கள். இப்போது உங்களுக்குப் பிடிக்கலாம் என்று நினைத்தேன். அப்பாவுடையதையும் அவருடையதையும் சேர்த்து, உங்கள் ஆட்களுக்கு முன்னால், பெரிய ஹோலில் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்."

அதைத்தான் நான் ரோல்ஸோடு சேர்த்துப் பூட்டி வைத்திருந்தேன். அவளை இரண்டாவது தடவையும் நானேதான் நிறுத்தியிருக்கிறேன்.

அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? அறுபத்தெட்டு வயதுக்காரன் அடுத்த வீட்டுக் குசினியில் இருந்து அழுதேன். கோஜோ எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டார். இந்த ஊரில் வேறென்ன செய்வார்கள்?

"வாசிப்பீர்களா?" என்று கேட்டேன்.

"இப்போதா? இங்கேயா?"

"நீங்கள் இங்கே. நான் என் வீட்டுக்குப் போகிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியின் கொளுக்கியைத் திறந்தார்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. என் வாசலுக்கு வந்து திறப்பை எடுத்தேன். கதவில் போட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். இருபத்தெட்டு வருஷமாகத் திறக்கிற கதவு. அன்றைக்குத்தான் சத்தம் வராமல் திறந்தேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பூனை மாதிரி நடந்து குசினிக்குப் போய், அவள் நிற்கிற இடத்தில், சிங்குக்கு முன்னால் நின்றேன்.

நாலு மணிக்குச் சுவர் பாடியது. முதலில் அவருடைய அப்பாவின் பாட்டு. அது ஓய்கிற இடத்தில் இன்னொன்று மெல்ல வந்தது. எனக்குத் தெரியாத மெட்டு. அதுதான் கொடுமை... எனக்கு அது தெரியாது. மாமி வீட்டில் கேட்டது இரண்டு அடி இருக்குமோ என்னவோ. இப்போதுதான் முழுக்கக் கேட்கிறேன். ஒவ்வொரு அடி முடிவிலும் அந்த இடம் வந்தது. சிங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்த என் கை, அந்த இடத்தில் தானாகவே இறுகியது.

அடுத்த வருஷக் கலைவிழாவுக்குச் சிவானந்தன் அண்ணையிடம் இப்போதே சொல்லிவிட்டேன். "பொன்னாடை வேண்டாம் அண்ணை. மனுசனுக்கு இருபது நிமிசம் குடுங்கோ. என்ன வாசிக்கிறார், ஆற்றை பாட்டெண்டு நான் மைக்கில சொல்லுவன்." அண்ணை யோசிக்கிறாராம். யோசிக்கட்டும்.

கோஜோ இப்போது தினமும் வாசிக்கிறார். நானும் தினமும் மூன்றே முக்காலுக்கு வெளியே போய், நாலு மணிக்குச் சத்தமில்லாமல் கதவைத் திறந்துகொண்டு வருகிறேன். பக்கத்து வீடுகளில் பார்ப்பவர்கள் கிழவனுக்குத் தட்டிவிட்டது என்று நினைக்கலாம்.

பாடாதையும் என்று அவளுக்குச் சொன்னேன். நல்ல காலம், சுவருக்குச் சொல்லவில்லை.